இரண்டு வீட்டுக்கு ஒரு உத்தரம்

மதினியிடம் எதையும் முழுதாகப் பாராட்டிவிட முடியாது. "வீடு என்ன குளுமையா இருக்கு" என்று வந்தவர் யாராவது சொல்லிவிட்டால், கையில் இருப்பது அகப்பையோ துடைப்பமோ, அதை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்கு வருவாள். "குளுமைதான். ஆனா அடுக்களைக்குக் கீழ ஒரு பெருச்சாளி ஊரையே தோண்டி வச்சிருக்கு, அதையும் பாத்துட்டுப் போங்க" என்பாள். குரலைச் சற்று உயர்த்தித்தான் சொல்வாள். வந்தவரைவிட மேலே கிடக்கும் மரங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல. சரி, வீடு பழசாகிவிட்டதே என்று இன்னொருவர் குறைப்பட்டால் அதையும் விடமாட்டாள். இப்போது குரல் இறங்கிவிடும். "மெல்லச் சொல்லுங்க. பழசுதான். ஆனா எந்தச் சித்திரையிலயும் எங்க கெணறு வத்துனதில்ல."

நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடும். கெட்டதைச் சொன்னால் வீடு வருத்தப்பட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்புப் போட்டு அதன்மேலேயே அவள் நடந்துகொண்டிருந்தாள். வரப்பில் நடப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் சேறு.

அவள் எனக்கு உறவில்லை. தென்காசியில் கோயில் தேர் ஓடும் தெருவொன்றில், அவள் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான், என் மனைவி ராஜி, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எங்கள் மகள். தெருவே அவளை மதினி என்றது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இல்லை. அவள் வீட்டுக்காரர் கூடத்துச் சுவரில் படமாக இருந்தார்.

வீடு பார்க்கப் போன அன்றே ராஜி அந்தத் தெருவில் மயங்கிவிட்டாள். மயங்காமல் என்ன செய்வாள்? சிற்றாற்றுத் தண்ணீரில் முப்போகம் விளைந்த காலத்தில், நிலம் வைத்திருந்த குடும்பங்கள் எழுப்பிய வீடுகள். வயல்கள் பிளாட்டுகளாகிவிட்டன, பிள்ளைகள் டாக்டர்களாகவும் ஆடிட்டர்களாகவும் வெளியூர் போய்விட்டார்கள். வீடுகள் மட்டும் பித்தளைக் குமிழ் வைத்த கதவுகளோடு, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி நின்றன. கேஸ் சிலிண்டருக்கு முகவரி சொன்னால்கூட, "அந்தத் தெருவா சார்?" என்று எதிரில் இருப்பவரின் முதுகு சற்று நிமிரும். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிற சென்னைக்காரர்கள், குளித்த ஈரத் தலையோடு அங்கே வந்து காரை நிறுத்தி, விலைக்கு வருமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

"முதல்ல நல்லதச் சொல்லுதேன் கேட்டுக்க தாயி" என்று மதினி ராஜியிடம் ஆரம்பித்தாள். "இந்தத் தெருவுல இருக்கோம்னு சொன்னா, பொண்ணு கேட்டு வாரவன் பாதி சம்மதிச்சிட்டுத்தான் வாசல்லயே செருப்பக் கழட்டுவான். ஆனா உன் வீட்டுல இன்னைக்கி என்ன கொழம்புன்னு கடைசி வீடு வரைக்கும் தெரிஞ்சிரும். கோயிலு பக்கம், மார்க்கெட்டு பக்கம், பஸ்ஸும் பக்கம். ஆனா சுவத்துல காரை கொஞ்சம் பேந்தாலும் சுண்ணாம்பு வேல தெரிஞ்ச கொத்தனாரத் தேடி ஊர் ஊரா அலையணும். தேர் அன்னைக்கி மாடியில இருந்தே சாமி பாக்கலாம். ஆனா வண்டி எதுவும் உள்ள வராது. அந்த நேரம் பாத்து யாருக்காவது நெஞ்சு வலிச்சா, கூட்டத்துக்குள்ள தூக்கிக்கிட்டுத்தான் ஓடணும்."

"அப்படி யாருக்கும் வந்திருக்கா மதினி?" என்று ராஜி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"வந்துச்சு."

யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கூடத்துப் படத்துக்கு அன்று காலையில் போட்ட மாலை இன்னும் வாடியிருக்கவில்லை.

நான் ஓரிடத்தில் கால் தரிக்காதவன். ஓர் ஊரில் துவைத்துப் போட்ட சட்டை காய்வதற்குள் அடுத்த ஊரைப் பற்றி நினைக்கிற புத்தி. அந்த வீட்டில் மட்டும் என் கால் கொஞ்சம் நின்றது. காரணம் அந்த வீட்டின் அழகு என்றுதான் முதலில் நினைத்தேன். வேட்டைக்காரன் காலடி கேட்ட முயல் நிற்பதும் அப்படித்தான் என்பது பிறகு புரிந்தது.

ஏனென்றால் அந்த வீட்டில் நாங்கள் கேட்கக் கற்றுக்கொண்டோம். வெயில் தாழ்ந்து மரம் குளிரும் நேரத்தில், கூரைக்குள் எங்கோ ஒரு சொடக்குச் சத்தம் வரும். மதினி காபித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றுவிடுவாள்.

"கேட்டுதா?"

"என்னது மதினி?"

"ஒண்ணும் இல்ல. மரம் பேசுது. பேசுனா நல்லதுதான், உசிரோட இருக்குன்னு அர்த்தம். ஆனா என்ன பேசுதுன்னுதான் வெளங்க மாட்டேங்கு."

அதற்குப் பிறகு எனக்கும் கேட்க ஆரம்பித்தது. ராஜிக்கும். மகளை மாடியில் ஸ்கிப்பிங் ஆடாதே என்றோம். காரணம் சொல்லவில்லை. எங்களுக்கே காரணம் தெரியாது. நாங்கள் கால் விரல்களில் நடந்தோம். நன்றாக இருக்கும் வீட்டில், நன்றாக இருக்கும் மனிதர்கள், யாரோ தூங்குவதுபோல நடந்துகொண்டிருந்தோம். பயம் அந்த வீட்டில் சுண்ணாம்புத் தூசி மாதிரி. துடைத்த இடத்தில் மறுபடி படிந்திருக்கும், எங்கிருந்து உதிர்ந்தது என்று தெரியாது.

ஒருமுறை அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனோம். மேகம் மலையை முழுங்கிவிட்டிருந்தது. ஐந்தருவியில் எள் போட இடமில்லாத கூட்டம். பெண்கள் பக்கத்துக்கு ராஜி அவளை இழுத்துப்போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் மட்டும் காய்ந்த தலையோடு திரும்பி வந்து, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் பக்கத்தில் எங்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்க ஓர் ஆள் சிரித்தான்.

"என்னக்கா, அருவிக்கு வந்து தல நனையாமப் போறியளே, ஊருல போய்ச் சொன்னா நம்புவாங்களா?"

"நல்லாத்தான் விழுது தம்பி, நான் குத்தம் சொல்லல" என்றாள் மதினி. "ஆனா இம்புட்டு வருசமாக் குத்துதே, அந்தப் பாற அசையாதுன்னு யாரு எழுதிக் குடுத்திருக்கா?"

அவன் மலையை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அவளோடு பேசியவர்கள் எல்லோருமே அப்படி ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

ஊருக்கே கொண்டாட்டமான சாரல் அவளுக்கு வேறு. "அங்கன விழுந்தா இங்கன ஒழுகும்" என்பாள். கணவாயிலிருந்து புறப்படும் காற்று தெருவுக்குள் நுழைந்து ஓடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கும். அந்த நாட்களில் அவள் கட்டில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் எங்கே மாற்றினாலும் அந்தக் கூடத்தில் உத்தரத்தின் நிழல் படாத இடம் கிடையாது.

அந்த உத்தரத்தைச் சொல்ல வேண்டும். கூடத்தின் தலைக்கு மேலே, மாடியைத் தாங்கிக்கொண்டு, சுவரிலிருந்து சுவருக்குப் போகும் தேக்கு. கட்டிப்பிடிக்க ஒரு ஆளின் இரண்டு கையும் போதாது. அதன்மேல் நாங்கள் உறங்கினோம், அதன்கீழ் அவள் உறங்கினாள். அவள் வீட்டையும் அடுத்த வீட்டையும் கட்டியவர்கள் அண்ணனும் தம்பியும். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். மலையிலிருந்து செங்கோட்டை வழியாக மாட்டு வண்டிகளில் இறங்கிய அந்த ஒரே மரத்தை, அறுக்காமல் முழுதாக இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தூக்கி வைத்தார்களாம். சுவருக்குள் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, அடுத்த வீட்டுக் கூடத்தையும் அதுவே தாங்கியது.

"அண்ணன் தம்பி பிரிஞ்சாலும் இது பிரியக் கூடாதுன்னு வச்சாங்களாம்" என்பாள். "நல்ல நெனப்புதான். ஆனா ஒருத்தன் வீட்டுல இருமுனா இன்னொருத்தன் வீட்டு ஆணியில தொங்குற சொளகு ஆடும்."

அடுத்த வீடு பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. அதற்குச் சொந்தக்காரன் பெங்களூரில் இருந்தான். முறைக்கு மதினி அவனுக்குச் சித்தி. அந்தப் பங்குனியில் ஆட்களோடு வந்து இறங்கினான். வீட்டைப் பிரிக்கப்போகிறானாம். குற்றாலத்தில் யாரோ கட்டிக்கொண்டிருந்த விடுதிக்குப் பழைய தூண்களும் கதவுகளும் உத்தரங்களும் வேண்டியிருந்தன. அறைகள் பார்வைக்குப் பழைய வீடு மாதிரியே இருக்க வேண்டுமாம்.

"நெசமான வீட்டப் பிரிச்சுக் கொண்டுபோய் பொய்யான வீடு கட்டுதாங்க" என்றாள் மதினி. "போகட்டும். அங்கனயாவது நாலு பேரு பாப்பாங்கல்லா."

ஓடுகள் இறங்கின. தூண்கள் லாரியேறின. எங்கள் பக்கம் எப்போதும் ஓர் அதிர்வு இருந்தது. தண்ணீர்க் குடத்தின் வாயில் வட்டங்கள் தோன்றிக் கரைந்துகொண்டேயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் காலடித் தளம் சிலிர்த்தது. வேறு வார்த்தை தெரியவில்லை. மாட்டின் தோல் ஈயை விரட்டச் சிலிர்க்குமே, அப்படி. நான் கீழே ஓடினேன்.

மதினி உத்தரத்துக்கு நேர்கீழே இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சோற்றின்மேல், மோரின்மேல், அவள் தலைமேல் வெள்ளைத் தூள். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் காரை பெயர்ந்து விழுந்து ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் அடுத்த வீட்டு வெயில். அந்த வெயிலில் ஒரு கண்.

"எக்கா" என்றது அந்தக் கண். "இந்த மரம் உங்க பக்கமும் வருதா?"

மதினி எழுந்திருக்கவில்லை. "நல்லா அறுக்குதிய தம்பி. சத்தமே கேக்கல" என்றாள். "ஆனா எங்க வீட்டையும் சேத்துல்லா அறுக்குதிய."

அந்தப் பக்கம் ரம்பம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். மரம் சுவருக்குள் முடிந்துவிடுகிறது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தானே இருக்கும். மெஷின் வைத்தால் மரம் பிளந்துபோகும், நீளம் குறைந்தால் விடுதிக்காரர் எடுக்கமாட்டார் என்று, நடுச்சுவரை உளியால் குடைந்து, ஆழத்தில் கை ரம்பத்தை விட்டு அறுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து உத்தரத்தின் முனை இப்போது சுவரில் நாலு விரல் அகலத்துக்குத்தான் உட்கார்ந்திருந்தது.

பெங்களூர்க்காரன் போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது. "சித்தி, எங்க பங்கைத்தான் எடுத்தோம். உங்க பக்கம் கையே வைக்கல, சத்தியமா."

"உன் பங்குதான், நான் இல்லைங்கல. ஆனா சுவத்துக்குள்ள எது உன் பங்கு எது என் பங்குன்னு கோடா போட்டு வச்சிருக்கு?"

"தெரியாமப் போச்சு சித்தி."

"நீ இங்கன பொறக்கலல்லா, உனக்கு எப்படித் தெரியும். உங்க அப்பனுக்குத் தெரியும்." பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

அவன் ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்தான். அந்த மனிதர் கூடத்துக்குள் வரும்போதே குனிந்துகொண்டு வந்தார். உத்தரத்துக்கு இரும்புக் குழாய்களால் முட்டுக் கொடுக்கச் செய்தார். "உத்தரத்துக்கு முட்டுக் குடுத்தாச்சு. சுவத்துக்கு யாரு குடுக்க?" என்றார். "அந்தப் பக்கம் மேல கூரை போயிட்டு. மண்ணும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டின சுவரு. இனி மழை நேரா அதுமேலதான். சாரலுக்கு முன்ன காலி பண்ணிருங்கம்மா." பெங்களூர்க்காரன் சுவரின் தலைக்கு ஒரு நீலத் தார்ப்பாய் போர்த்திவிட்டுப் போனான். அதன்பிறகு அவன் போனை எடுக்கவில்லை.

நாங்கள் காலி செய்தோம். இன்ஜினியர் வந்துபோன அன்றே மகளை ராஜி தன் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். குற்றாலம் ரோட்டில் வயலை மூடிப் போட்ட ஒரு புது நகரில் வீடு கிடைத்தது. கீழே ஓர் அறை மதினிக்கென்றே ஒதுக்கிவைத்தோம். அவளைக் கூட்டிப்போய்க் காட்டினோம். சுற்றிச்சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. யாரு சுவரும் யாரு சுவத்தோடயும் ஒட்டல" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா உள்ள விழுந்து கெடந்தா யாருக்குக் கேக்கும்?"

"நான் இருக்கேம்லா மதினி" என்றாள் ராஜி. "இன்னைக்கே வாங்க."

"வாரேன் தாயி. வராம எங்க போகப்போறேன்."

வரவில்லை. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ராஜி போய் அழைப்பாள்; அவள் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் சொல்லி அனுப்புவாள். ராஜி கடைசியில் கத்திவிட்டாள். "உசிரு பெருசா, இந்த மரம் பெருசா?" அப்போது மதினி சொன்ன காரணத்தை நாங்கள் யாரும் நினைத்திருக்கவில்லை. அந்தத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. குடும்பத்தில் கடைசி ஆளும் இறந்துபோனபிறகு, எடுத்து நடத்த வாரிசு இல்லையென்றால்தான் வாசல் கதவைத் தாழில்லாமல் திறந்து போடுவார்கள். பூட்டிய வீடு ஊருக்குப் போயிருக்கும் வீடு. திறந்து கிடக்கும் வீடு முடிந்துபோன வீடு. வெளியூரில் இருக்கிறவர்கள்கூட ஆள் வைத்துப் பூட்டைத் துடைக்கச் சொல்வார்கள்.

"நான் வந்தா பூட்டிட்டுத்தான் வரணும்" என்றாள். "பூட்டுறதுக்கு மனசு வரணும்லா. இன்னும் ரெண்டு நாளு."

ஆனியில் காற்று திரும்பியது. மலையில் மேகம் இறங்கிய முதல் நாளே நீலத் தார்ப்பாய் பிய்ந்து எங்கோ தெருக்கோடியில் ஒரு மின்கம்பத்தில் சுற்றிக்கொண்டது. சாரல் அடித்துப் பெய்கிற மழையில்லை. அது தொடும். வெயிலோடு சேர்ந்து தொடும். நாளெல்லாம், ஒரு கூரையில்லாத சுவரின் உச்சந்தலையில், விடாமல்.

ஒருநாள் காலையில் ராஜிக்குப் போன் வந்தது. மதினி பையைக் கட்டிவிட்டாளாம். வரத் தயாராம். "ஆனா கதவு சாத்த மாட்டேங்கு" என்றாளாம்.

ஆட்டோ பிடித்துப் போனோம். கதவைச் சரிசெய்ய அவள் வரவழைத்த ஆசாரி வாசலில் குந்தியிருந்தார், சுற்றிலும் தேக்குச் சுருள்கள். இரட்டைக் கதவில் ஒன்று நிலையின் மேற்பகுதியில் இடித்துக்கொண்டு நின்றது.

"முந்தாநாளு இடிச்சுது, செதுக்குனேன். நேத்து மறுபடி இடிச்சுது, செதுக்குனேன். இந்தா, இன்னைக்கும்" என்றார் அவர். "கதவு வளரல அண்ணாச்சி. நெலதான் சாயுது. நெலயத் தள்ளுதது அன்னா அந்தச் சுவரு. இன்னும் செதுக்குனேம்னா கதவு இருக்காது, விசிறிதான் இருக்கும்."

சொல்லிவிட்டு அவர்தான் சிரித்தார், வேறு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சுருளும் அந்தச் சுவர் நகர்ந்த அளவு. மொத்தமும் அவர் காலடியில் குவிந்து கிடந்தது.

மதினி வாசலுக்கு உள்ளே பையோடு நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் பூட்டு. "பூட்டாம எப்படி வர?" என்றாள்.

"சங்கிலி போட்டு ரெண்டு குமிழையும் சேத்து இழுத்துக் கட்டிப் பூட்டிரலாம்" என்றார் ஆசாரி. "கடை தெறந்ததும் வாங்கிட்டு வந்திருதேன்."

"அதுவரைக்கும் நான் இருக்கேன்."

"நீங்க இங்கன நிக்க வேண்டாம் மதினி" என்றேன். "நான் இருந்து பூட்டி, சாவியக் கொண்டாறேன். நீங்க ராஜியோட போங்க."

அவள் என்னையும் உத்தரத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு பூட்டை என் கையில் வைத்தாள். ராஜி அவள் தோளைப் பிடித்துக் கூட்டிப்போய் ஆட்டோவில் ஏற்றினாள். ஆசாரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் தனியாக இருந்தேன்.

வாசலிலேயே நின்றிருக்கலாம். தெரு முழுக்கத் தலைகள் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தன, அதனால் உள்ளே போனேன். ஒரு நாற்காலியைக் கதவோரம் போட்டு உட்கார்ந்தேன். வெளியே வெயிலும் சாரலும். உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை, புதுக் குழந்தை வீட்டின் வாடை போலவும் பிணம் எடுத்த வீட்டின் வாடை போலவும். அடுத்த வீட்டின் வெறுமைக்குள் காற்று நுழைந்து எதையோ தேடி, கிடைக்காமல் ஓட்டை வழியாக இந்தப் பக்கம் ஊதியது. சுவரில் ஓரிடத்திலிருந்து வெள்ளைப் பொடி கோடு போட்டாற்போல இறங்க ஆரம்பித்தது. உப்பு ஜாடி சாய்ந்ததுபோல. நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. கதவு தானாக ஒரு விரல் அளவு நகர்ந்து நிலையில் முட்டி நின்றது. மரம் இப்போது சொடக்குப் போடவில்லை. மிக நீளமாக, கனத்த சுமையை இறக்க இடம் தேடுகிறவன்போல முனகியது.

எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றியது. எழ முடியவில்லை. எழுந்தால் என் உடம்பின் கனம் இடம் மாறும், அந்த மாற்றம் தரை வழியாகச் சுவருக்குப் போகும், நாலு விரலில் ஒரு விரல் குறையும். மூச்சை மெல்ல விட்டேன். முட்டுக் கொடுத்த குழாய்களில் ஒன்று மெல்லிய குரலில் ரீங்கரித்தது. இந்த வீட்டில் ஒருத்தி சமைத்திருக்கிறாள், கோலம் போட்டிருக்கிறாள், வந்தவர்களுக்குக் காபி கொடுத்திருக்கிறாள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

"ஏலே!"

தெருவிலிருந்து குரல். மதினியின் குரல்தான், ஆனால் அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. அதுவரை என்னை அவள் தம்பி என்றுதான் அழைத்திருக்கிறாள்.

"ஏலே, வெளிய வாலே! எந்திரி. அந்தப் பக்கம் பாக்காத, என்னையப் பாரு. வா."

ஆட்டோ தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்திருந்தது. அவள் சாரலில் நடுத்தெருவில் நின்றாள். பின்னால் ராஜி. எதிர்வீட்டுக்காரர்கள் படிகளில்.

"சங்கிலி வரல மதினி" என்றேன். என் குரல் யாருடையதோ போல இருந்தது.

"சங்கிலியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். வெளிய வா முதல்ல."

நான் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று நினைவில்லை. படி இறங்கியதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் அத்தனை பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் குடைக்குள்ளிருந்து கேட்டார். "என்ன மதினி, கதவு தெறந்து கெடக்கு? ஆளு யாரும் இல்லையா?"

"இல்ல" என்றாள். "யாரும் இல்ல."

படியில் இருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். ராஜி தயங்கி நின்றாள். "மதினி, கதவ மெனக்கெட்டு ஒருக்கா இழுத்துப் பாப்போமா..."

"ஏறுட்டி."

ஏறினோம். என் ஒரு கையில் பூட்டு இருந்தது, மறு கை அவளிடம் இருந்தது. ஆட்டோ கோயிலைச் சுற்றி, மார்க்கெட்டைத் தாண்டி, குற்றாலம் ரோட்டில் திரும்பியது. எதிரே சாரலுக்கு வந்த வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போயின. என் விரல்கள் மரத்துவிட்டன. அவள் விடவில்லை.

"பயந்துட்டியாலே?" என்றாள், ரோட்டைப் பார்த்தபடி.

"ஆமா மதினி."

மலையில் மேகம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த அன்னையில இருந்து பயந்துக்கிட்டுத்தாம்லே இருந்தேன்" என்றாள்.